ஈட்டியின் நீளமும் யானையின் வெறியும்: வியூக விளையாட்டுகளும் பண்டைப் போர்க்கலையும்

பள்ளிப் பாடநூலில் ஒரு போர் என்பது பெரும்பாலும் ஓர் ஆண்டு, இரண்டு அரசர்கள், ஒரு முடிவு என்பதோடு நின்றுவிடும். கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாண்டர் போரஸை வென்றார் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர், மழையில் பெருக்கெடுத்து ஓடிய ஆற்றை, எதிர்க்கரையில் யானைகள் காத்து நிற்கும்போது, ஒரு படை எப்படிக் கடந்தது என்று கேட்டிருப்பார்கள்? முகாமில் ஒரு பகுதிப் படையைக் காவலுக்கு விட்டதுபோல் காட்டிவிட்டு, புயலடித்த இரவில் வேறோர் இடத்தில் ஆற்றைக் கடந்த கதை கிரேக்க ஆசிரியர்களின் ஏடுகளில் விரிவாகவே இருக்கிறது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த 'எப்படி'யைத் தேடிப் போனவர்களில் கணிசமானோரை அங்கே அனுப்பிவைத்தவை கணினி வியூக விளையாட்டுகள்தாம். 1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் 2004-இல் வந்த ரோம்: டோட்டல் வாரும் இவற்றில் முதன்மையானவை. இந்த விளையாட்டுகள் வரலாற்றைச் சரியாகச் சொன்னதால் ஆர்வம் பிறந்தது என்று சொல்ல முடியாது. பல இடங்களில் அவை தவறாகவே சொல்லின. ஆனால் அவை விளையாடுபவரின் கையில் ஒரு படையைக் கொடுத்து, அதை வைத்து முடிவெடுக்கச் சொல்லி, தோற்கவும் விட்டன. தோற்றவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடும்போதுதான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆசிரியர்கள் உதவிக்கு வருகிறார்கள்.

மாசிடோனிய ஈட்டி அணியை, அதாவது ஃபாலங்ஸை, எடுத்துக்கொள்வோம். ரோம்: டோட்டல் வாரில் இந்த அணியை நேருக்கு நேர் தாக்கும் எந்தக் காலாட்படையும் ஈட்டி முனைகளில் சிக்கிக் கரைந்துபோகும். அதே அணியின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சிறிய குதிரைப்படை ஒன்று பாய்ந்தால் சில நொடிகளில் அது கலைந்து ஓடும். இது விளையாட்டை வடிவமைத்தவர்கள் சமநிலைக்காகப் புகுத்திய விதி என்றுதான் முதலில் தோன்றும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸைத் திறந்தால், இதே விதி கணக்குப்போட்டு விளக்கப்பட்டிருக்கிறது. சரிஸ்ஸா என்ற அந்த ஈட்டியின் நீளம் அவர் காலத்தில் 14 முழம். இரு கைகளால் பிடிக்கும்போது 4 முழம் பின்னால் போக, 10 முழம் முன்னே நீளும். இரண்டாம் வரிசையின் ஈட்டி 8 முழமும், மூன்றாம் வரிசையினது 6 முழமும் முன்வரிசைக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்க, இப்படியே ஐந்து வரிசைகளின் முனைகள் எதிரியை எதிர்நோக்கும். ரோமானிய வீரன் வாளைச் சுழற்ற அதிக இடம் தேவைப்படுவதால், அவன் ஒருவன் நிற்கும் அகலத்தில் மாசிடோனியர் இருவர் நிற்பார்கள். ஆக, ஒரு ரோமானியன் ஒரே நேரத்தில் பத்து ஈட்டி முனைகளைச் சமாளிக்க வேண்டும் என்கிறார் பாலிபியஸ்.

அப்படியானால் ரோம் எப்படி வென்றது என்ற அடுத்த கேள்வி தானாக வருகிறது. கி.மு. 197-இல் தெசலியின் கைனோஸ்கெபலே குன்றுகளில் நடந்த போரில் மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பின் வலது அணி ரோமானியரைச் சரிவில் தள்ளிக்கொண்டே இறங்கியது. இடது அணியோ இன்னும் நடைவரிசையிலிருந்து போர்வரிசைக்கு மாறி முடிக்கவில்லை. மேடுபள்ளமான அந்த நிலத்தில் அது எளிதும் அன்று. ரோமானியத் தளபதி ஃபிளாமினினஸ் அந்த ஆயத்தமில்லாத பக்கத்தைத் தாக்கிச் சிதறடித்தார். அப்போது, வரலாறு பெயரைக்கூடக் குறித்துவைக்காத ஒரு படைத்தலைவர், யாருடைய கட்டளைக்கும் காத்திராமல், மேனிப்பிள் எனப்படும் ரோமானியச் சிறு படைப்பிரிவுகள் சுமார் 20-ஐப் பிரித்துக்கொண்டு போய், வென்றுகொண்டிருந்த மாசிடோனிய வலது அணியின் முதுகில் மோதினார். நீண்ட ஈட்டியோடு திரும்பி நிற்க முடியாத அணி அங்கேயே உடைந்தது. எஞ்சிய மாசிடோனியர் ஈட்டிகளைச் செங்குத்தாக உயர்த்தினார்கள். அது அவர்கள் வழக்கில் சரணடைவதற்கான அடையாளம். ரோமானிய வீரர்களுக்கு அது புரியவில்லை, வெட்டிக்கொண்டே போனார்கள். விளையாட்டில் சுட்டியை இரண்டு முறை அழுத்திச் செய்த பக்கவாட்டுத் தாக்குதலுக்குப் பின்னால் இப்படியொரு காட்சி இருப்பதைப் படித்தவர், அடுத்த முறை அதே அணியை அதே கண்ணோடு பார்ப்பது அரிது.

யானைகளின் கதை இதைவிடச் சுவையானது. ரோம்: டோட்டல் வாரில் காயம்பட்ட யானைகள் சில நேரம் கட்டுக்கடங்காமல் வெறிகொண்டு, தம் பக்கத்து வீரர்களையே மிதிக்கத் தொடங்கும். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், பாகர்களே அவற்றைக் கொன்றுவிடுவார்கள். முதன்முறை பார்ப்பவர் இதை விளையாட்டுக்காரர்களின் கற்பனை என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் கி.மு. 207-இல் இத்தாலியின் மெடாரஸ் ஆற்றங்கரையில், ரோமை எதிர்த்த கார்தேஜ் தளபதி ஹானிபலின் தம்பி ஹஸ்த்ருபால் தோற்று மாண்ட போரைச் சொல்லும்போது ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தெளிவாக எழுதுகிறார்: எதிரிகளால் கொல்லப்பட்ட யானைகளைவிடப் பாகர்களாலேயே கொல்லப்பட்டவை அதிகம், ஒவ்வொரு பாகனிடமும் ஓர் உளியும் கொட்டாப்புளியும் இருந்தன, யானை அடங்காதபோது இரு காதுகளுக்கு நடுவே, கழுத்தும் தலையும் சேரும் மூட்டில் உளியை வைத்து ஓங்கி அடிப்பார்கள். இந்த வழக்கத்தைப் புகுத்தியவரே ஹஸ்த்ருபால் என்பதும் லிவியின் குறிப்பு. விளையாட்டில் வரும் தீப்பற்றிய பன்றிகளும் இதே வகைதான். அபத்தத்தின் உச்சம் என்று பலர் சிரித்த அந்தப் படைப்பிரிவுக்கும் பழைய சான்று இருக்கிறது: மெகாரா நகரை மாசிடோனிய மன்னர் ஆன்டிகோனஸ் முற்றுகையிட்டபோது, நகரத்தார் பன்றிகளின் மீது கீலைப் பூசித் தீயிட்டு யானைகளுக்குள் விரட்டிவிட்டார்கள். அலறலில் மிரண்டு யானைகள் சிதறியோடின. அதன் பிறகு யானைகளோடு பன்றிகளையும் சேர்த்தே வளர்த்துப் பழக்கும்படி தம் இந்தியப் பாகர்களுக்கு ஆன்டிகோனஸ் கட்டளையிட்டார் என்று போர்த்தந்திரங்களைத் தொகுத்த பாலியேனஸ் முடிக்கிறார். கதை மிகைப்படுத்தப்பட்டதாகவே இருக்கலாம்; என்றாலும் மத்தியதரைக்கடல் ஓரத்துப் போர்களில் இந்தியப் பாகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒருவரைத் தேடவைக்க அது போதும்.

தேடினால் கிடைக்கும் விடை சந்திரகுப்த மௌரியரிடம் போய் நிற்கிறது. அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவராக இருந்து பின்னர் அரசரான செல்யூகஸ் அவரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் சிந்துவெளிப் பகுதிகளை விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றார். கி.மு. 301-இல் இப்சஸ் போரில் அந்த யானைகள்தாம் வெற்றிக்களிப்பில் துரத்திப்போன எதிர்த்தரப்புக் குதிரைப்படை திரும்பி வராமல் நடுவில் நின்று தடுத்தன. அலெக்சாண்டரின் பேரரசை மீண்டும் ஒன்றாக்கும் முயற்சி அந்தக் களத்தோடு முடிந்தது. கி.மு. 217-இல் ராபியாவில் செல்யூகஸ் வழிவந்த மூன்றாம் அந்தியோகஸின் 102 இந்திய யானைகளும் எகிப்தை ஆண்ட நான்காம் டாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகளும் மோதியபோது, இந்திய யானைகளின் வாடையையும் பிளிறலையும் தாங்காமல் ஆப்பிரிக்க யானைகள் பின்வாங்கின என்று பாலிபியஸ் எழுதுகிறார். இருந்தும் போரில் வென்றவர் டாலமி. யானைகள் போரின் ஒரு பக்கத்தைத் தீர்மானித்தன. மறு பக்கத்தைக் காலாட்படை தீர்மானித்தது.

அந்த ராபியா போரே விளையாட்டுகளின் மிகப் பிரபலமான பிழை ஒன்றோடும் சேர்ந்து வருகிறது. ரோம்: டோட்டல் வாரின் கதை கி.மு. 270-இல் தொடங்குகிறது. அன்றைய எகிப்தை ஆண்டவர்கள் மாசிடோனிய வழிவந்த டாலமிகள். அவர்களின் படை கிரேக்க முறையில் ஈட்டி அணியாக நின்ற படை. விளையாட்டோ அதற்கு ஓராயிரம் ஆண்டுகள் முந்தைய பாரோக்களின் தேர்ப்படையைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிரமிடுக்கும் கிளியோபாட்ராவுக்கும் நடுவே உள்ள காலத்தை ஒரே எகிப்தாகப் பார்க்கும் வெகுசன மனப்பதிவை மீற, விற்பனைக் கணக்கு பார்த்தவர்களுக்கு மனம் வரவில்லை போலும். விளையாடியவர்கள் சும்மா இருக்கவில்லை. விளையாட்டின் கோப்புகளை மாற்றியமைத்து 'மோட்' எனப்படும் திருத்தப் பதிப்புகளை உருவாக்கினார்கள். அவற்றில் யூரோப்பா பார்பரோரம் என்ற மோட் புகழ்பெற்றது. கல்வெட்டு, அகழாய்வு, பழைய நூல்கள் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஆடை, கவசம், பின்னணிக் குறிப்பு எனச் சேர்த்ததோடு, வீரர்கள் கட்டளைக்குப் பதில் சொல்லும் குரல்களைக்கூட லத்தீன், கிரேக்கம் எனப் பண்டை மொழிகளில் அமைத்தார்கள். ஊதியம் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் செய்யப்பட்ட வேலை அது. பிழை இல்லாத விளையாட்டு இத்தனை வாசிப்பைத் தூண்டியிருக்குமா என்பது சந்தேகமே. எகிப்துப் பிழையைத் திருத்தப் போனவர்கள் ராபியாவில் டாலமியின் அணியில் 20,000 எகிப்தியர் ஈட்டி வீரர்களாகப் பயிற்றப்பட்டு நின்றதையும், ஆயுதம் கையாளவும் வெல்லவும் கற்ற அந்த மக்களே சில ஆண்டுகளில் தம் கிரேக்க ஆட்சியாளருக்கு எதிராகக் கிளர்ந்ததையும் கண்டார்கள். விற்பனைக்காகக் கொண்டுவரப்பட்ட தேர்களைவிட இந்த உண்மைதான் கூடுதல் நாடகம் உடையது.

படைதிரட்டலையும் சொல்ல வேண்டும். ரோம்: டோட்டல் வாரில் ஒரு நகரத்தில் படை எடுத்தால் அந்நகரின் மக்கள்தொகை அந்த அளவுக்குக் குறையும். தொடர்ந்து படை எடுத்தால் ஊர் வெறிச்சோடும், வரி வருவாய் சரியும். இத்தாலியின் கன்னேயில் ஹானிபலிடம் பெரும்படையை இழந்த ரோம் ஏன் சமாதானம் கேட்கவில்லை என்ற பழைய புதிருக்கு இந்த ஒரு விதி நல்ல நுழைவாயில். கி.மு. 225-இல் ரோமும் அதன் இத்தாலியக் கூட்டாளிகளும் ஆயுதம் ஏந்தத் தகுதியுள்ளவர்களைக் கணக்கெடுத்தபோது 7,00,000 காலாட்களும் 70,000 குதிரை வீரர்களும் இருந்ததாகப் பாலிபியஸ் தருகிறார். அந்த எண்ணின் துல்லியம் பற்றி ஆய்வாளர்கள் வாதிட்டாலும், ஹானிபல் எதிர்த்து நின்றது ஒரு படையை அன்று, ஒரு மக்கள்தொகையை என்பது விளங்கிவிடுகிறது.

விளையாட்டுகள் மறைப்பவையும் உண்டு. அவற்றில் முதலாவது சோறு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் வீரனை உருவாக்கும்போது ஒரு முறை உணவு செலவாகும். பிறகு அவன் சாகும்வரை பட்டினியே கிடப்பான். உண்மையில் ரோமானியக் காலாள் ஒருவனுக்கு மாதம் மூன்றில் இரண்டு மெடிம்னஸ் கோதுமை, அதாவது ஏறத்தாழ 35 லிட்டர், அளக்கப்பட்டது. கன்னேயில் நின்ற ரோமானியப் படை பாலிபியஸின் கணக்கில் சுமார் 80,000 காலாட்கள். பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். அந்தப் போர் ஏன் குறிப்பாகக் கன்னேயில் நடந்தது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. ரோமானியர் தானியத்தைச் சேமித்துவைத்திருந்த கோட்டை அது. கி.மு. 216-இன் கோடையில் ஹானிபல் அதைக் கைப்பற்றியதும், அவர்கள் அவரைப் பின்தொடர்ந்து வரவேண்டியதாயிற்று. நடுவில் வளைந்து பின்வாங்கும் பிறை வடிவ அணியையும், இரு ஓரங்களிலிருந்து மூடிய ஆப்பிரிக்கக் காலாட்படையையும், முதுகில் வந்து மோதிய குதிரைப்படையையும் எந்த விளையாட்டிலும் அழகாக நிகழ்த்திக்காட்டலாம். கிடங்கைப் பிடித்ததால் எதிரி தானே வந்தான் என்ற பகுதிக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது மறைப்பு, பார்வை. விளையாடுபவர் பருந்துபோல் மேலிருந்து களம் முழுவதையும் காண்கிறார். சொன்ன கணத்தில் அணி திரும்புகிறது. கைனோஸ்கெபலேயில் இரு படைகளும் மோதத் தொடங்கியதே காலை மூடுபனியில் ஒன்றையொன்று எதிர்பாராமல் முட்டிக்கொண்டதால்தான். கிரேக்கக் குடிப்படை எதுவும் நேர்கோட்டில் முன்னேறவும் இல்லை. கி.மு. 418-இல் மான்டினியா போரைச் சொல்லும் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், கேடயம் இடக்கையில் இருப்பதால் ஒவ்வொருவனும் தன் வலப்புறத்தானின் கேடய மறைவுக்குள் ஒதுங்கப் பார்க்கிறான், அதனால் அணி முழுவதும் நடக்க நடக்க வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது என்கிறார். உயிர்பயத்தால் நேரும் இந்தச் சிறு ஒதுங்கல்களின் கூட்டு விளைவை எந்தத் தளபதியாலும் முழுமையாகத் தடுக்க முடியவில்லை. பயம் என்ற ஒன்றை ஓரளவாவது கணக்கில் எடுத்தது டோட்டல் வார் வரிசைதான். மன உறுதி குலைந்தால் படைப்பிரிவு வெள்ளைக்கொடியோடு ஓடும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் வீரர்களோ கடைசிச் சொட்டு உயிர்வரை அசராமல் நின்று வெட்டுவார்கள். பண்டைப் போர்களில் சாவு பெரும்பாலும் ஓட்டத்தின்போது, முதுகில்தான் விழுந்தது என்பதை முதல் வகை விளையாட்டு உணர்த்தும். இரண்டாம் வகை உணர்த்தாது.

மூன்றாவது, எனக்கு உண்மையிலேயே உறுத்தலான ஒன்று. நகரத்தைப் பிடித்ததும் ரோம்: டோட்டல் வார் மூன்று வழிகளை முன்வைக்கும்: அமைதியாக ஆக்கிரமிக்கலாம், மக்களை அடிமையாக்கலாம், கொன்று குவிக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தால் கொள்ளை கூடும், பிறகு கலகமும் குறையும். எனவே திறமையான ஆட்டக்காரர் கண்ணிமைக்காமல் அதையே அழுத்துவார். கி.மு. 167-இல் கிரேக்கத்தின் வடமேற்கே எபிரஸில் ரோமானியரின் ஒரே ஏற்பாட்டில் 70 ஊர்கள் சூறையாடப்பட்டு 1,50,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதைப் படிக்கும்போது, அந்தப் பொத்தானுக்கு வரலாற்று அடிப்படை இருக்கிறது என்று நிம்மதி கொள்ள முடியாது. விளையாட்டு இதை மறைக்கவில்லை என்று வாதிடலாம். விலையில்லாமல் காட்டுகிறது என்பதே என் குறை.

போரை விளையாட்டாக்கிப் படிக்கும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வரைபடத்தின் மீது கட்டைகளை நகர்த்தி ஆடும் போர்ப்பயிற்சியைத் தம் படைத்தலைமையிடம் காட்டி ஏற்கச்செய்தார். 1960-களின் இறுதியில் பிரிட்டனில் ஈயப் பொம்மை வீரர்களைக் கொண்டு பண்டைப் போர்களை மேசையில் ஆடுவதற்கான விதிநூல்கள் வந்தன. அந்த விதிகளை எழுதவே பாலிபியஸையும் அலெக்சாண்டரின் போர்களை எழுதிய அரியனையும் வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஃபிலிப் சாபின், பண்டைப் போர்களை ஆட்ட மாதிரிகளாக மாற்றி, ஒன்றோடொன்று முரண்படும் பழைய சான்றுகளில் எது பொருந்தும் எது பொருந்தாது என்று சோதிக்கும் முறையை ஆய்வாகவே செய்துகாட்டினார். ரோம்: டோட்டல் வார் கடைக்கு வருவதற்கு முன்பே, 2003-இல், அதன் இயக்கமென்பொருளைக் கொண்டு பிபிசி டைம் கமாண்டர்ஸ் என்ற தொலைக்காட்சித் தொடரை நடத்தியது; பொதுமக்கள் குழுவாக வந்து பழைய போர்களைத் திரும்ப நடத்த, வல்லுநர்கள் ஓரமாக நின்று விளக்கினார்கள்.

தமிழ் வாசகருக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம் 2022-இல் வந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டின் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம், அதுவரை 'இந்தியர்' என்று ஒரே மூட்டையாக இருந்ததைப் பிரித்து, திராவிடர் என்ற தனி அணியையும் இராசேந்திர சோழனின் படையெடுப்புகளையும் சேர்த்தது. காலம் பண்டையது அன்று, பதினொன்றாம் நூற்றாண்டு. என்றாலும் ஆர்வம் பிறக்கும் வழி அதேதான். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் பிரிட்டனாகவும் பைசாந்தியமாகவும் நின்று ஆடிய நம்மவர்கள், இந்த அணியை எடுத்ததும் முதலில் முணுமுணுத்தது அதன் குதிரைப்படை மட்டமாக இருக்கிறதே என்பதற்காக. கவசக் குதிரை வீரர் வகையே இந்த அணிக்குக் கிடையாது. யானைகளும் காலாட்களும் கப்பல்களுமே பலம். இதில் வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தென்னாட்டின் வெப்பமும் ஈரமும் குதிரை வளர்ப்புக்கு ஒத்துவராததால், குதிரை எப்போதும் இறக்குமதிச் சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்துப் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும், மன்னர் ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்துக் குதிரை வாங்கியதையும் அவை இங்கே பிழைக்காமல் மடிந்ததையும் எழுதியிருக்கிறார். ஓர் ஆட்டக்காரரின் எரிச்சல் நம் கடல் வணிகத்தின் முக்கியமான ஒரு பக்கத்தைத் திறந்துவிடுகிறது.

அதற்கு மேல் போனால் சான்று மெலிகிறது. கடாரம் மீதான படையெடுப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி. அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தியதையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானையோடு பிடித்ததையும், ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் எனக் கைப்பற்றிய ஊர்களையும் அது வரிசைப்படுத்துகிறது. கலங்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், எந்தத் துறையில் எப்படி இறங்கினார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல் இல்லை. பாலிபியஸைப்போல் முழக்கணக்கு போட்டுக் காட்டும் ஆசிரியர் ஒருவர் சோழர் படைக்கு வாய்க்கவில்லை. எனவே விளையாட்டில் திரிசடை என்ற பெயரில் மிதக்கும் பெருங்கப்பலின் வடிவத்தையும் வலிமையையும் ஏட்டோடு ஒத்துப்பார்க்க வழியில்லை. படையின் அமைப்பைத் தேடுபவர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே 'தெரிந்த கைக்கோளர்', 'வேளைக்காரர்', 'குதிரைச் சேவகர்', 'சிறுதனத்து வடுகக் காவலர்' என்று படைப்பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன. ஆனால் அவை களத்தில் நின்ற வரிசையைச் சொல்ல வெட்டப்பட்டவை அல்ல. கோயிலின் பணத்தையும் கொடைகளையும் பொறுப்பேற்றுக்கொண்டவர்கள் யார் யார் என்ற கணக்குக்காக வெட்டப்பட்டவை.